வேலையற்ற மாதங்களின் செலவு யாருடையது? ஜொகூரில் தோட்டக் காலம் முதல் பெருந்தொற்றுக் காலம் வரை

தம் குற்றம் ஏதுமின்றி வேலையிழந்த தொழிலாளி ஒருவர் அடுத்த வேலை கிடைக்கும்வரை உண்பதற்கும் வாடகை செலுத்துவதற்கும் யார் பொறுப்பு என்னும் வினாவுக்கு மலாயாவும் பின்னர் மலேசியாவும் காலத்துக்குக் காலம் வெவ்வேறு விடைகளைத் தந்துள்ளன. ஒரு காலத்தில் அந்தச் செலவு தொழிலாளி புறப்பட்டு வந்த ஊரின் மீது விழுந்தது. பிறிதொரு காலத்தில் அவரை வேலைக்கு வைத்திருந்த முதலாளியின் மீது விழுந்தது. 2018ஆம் ஆண்டிலிருந்துதான் முதலாளியும் தொழிலாளியும் சந்தா செலுத்தும் ஒரு பொது நிதி அதனைத் தாங்கத் தொடங்கியது. கொவிட்-19 பெருந்தொற்று அந்த இளம் நிதியைச் சோதித்துப் பார்த்தது. அச்சோதனை எங்கே வென்றது, எங்கே தோற்றது என்பதை அறிய ஜொகூரைவிடப் பொருத்தமான மாநிலம் இல்லை; ஏனெனில் அங்கு வாழும் தொழிலாளர்களில் பெருந்தொகையினர் ஒரு நாட்டில் உறங்கி மற்றொரு நாட்டில் உழைப்பவர்கள்.

ஜொகூரின் இரயில் பாதை 1909இல் முழுமை பெற்றபின் குளுவாங், லாபிஸ், சிகாமட், கூலாய் வட்டாரங்களில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. அத்தோட்டங்களுக்குத் தமிழ்த் தொழிலாளர்கள் கங்காணி முறையில், அதாவது ஊருக்குச் சென்று ஆள் சேர்க்கும் மேற்பார்வையாளர் வழியே, அழைத்துவரப்பட்டனர். அவர்களைக் கொண்டுவரும் செலவுக்கென 1907இல் மலாயாவில் ஒரு குடியேற்ற நிதி அமைக்கப்பட்டது. தமிழ்த் தொழிலாளர்களை வேலைக்கு வைத்திருந்த முதலாளிகள், அவர்கள் உழைத்த நாள்களின் கணக்குப்படி இதற்கு வரி செலுத்தினர். அந்த நிதிக்கு மற்றொரு பயனும் இருந்தது. 1929க்குப் பின் உலகப் பொருளாதாரப் பெருமந்தம் ரப்பரின் விலையை வீழ்த்தியபோது, 1930 ஆகஸ்டில் புதியவர்களை அழைத்துவருவது நிறுத்தப்பட்டது. வேலையிழந்தவர்கள் அதே நிதியின் செலவில் நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் கப்பலேற்றப்பட்டனர். சில ஆண்டுகளுக்குள் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இவ்வாறு திருப்பி அனுப்பப்பட்டனர். எஞ்சியவர்களின் நியமக் கூலி, அதாவது அரசு வரையறுத்த நாட்கூலி, ஆடவருக்கு 50 சென்ட்டிலிருந்து 40 சென்ட்டாகவும் பெண்களுக்கு 40 சென்ட்டிலிருந்து 32 சென்ட்டாகவும் 1930இல் குறைக்கப்பட்டது. இன்றைய சொல்லில் இதனை வேலையின்மை நிவாரணம் என்று அழைக்க முடியாது. தோட்டத்தின் நட்டம் தஞ்சை, திருச்சி, சேலம் மாவட்டங்களின் கிராமங்களுக்கு இடம் மாற்றப்பட்டது என்பதே சரியான விவரிப்பு. மலாயாவின் கணக்கேடுகளில் வேலையற்றோர் தொகை குறைந்து காணப்பட்டதற்கு, அவர்கள் அங்கே இல்லாமற் போனதும் ஒரு காரணம்.

இந்தப் பழக்கம் குடியேற்றவாத ஆட்சியோடு முடிந்துவிடவில்லை. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை அனுமதி பெற வேண்டும் என்று 1968ஆம் ஆண்டின் சட்டம் விதித்ததைத் தொடர்ந்து, தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்திருந்தும் குடியுரிமைப் பத்திரம் இல்லாத சுமார் 60,000 இந்தியத் தொழிலாளர்கள் நாட்டைவிட்டு வெளியேறினர். வேலையைக் காப்பது எப்போதும் பதிவேட்டில் இருக்கும் பெயரைச் சார்ந்தே அமைந்தது என்பதற்கு இது ஒரு முன்னறிகுறி. அதன் நிழல் 2020இல் மீண்டும் தெரிகிறது.

விடுதலைக்கு முன்னும் பின்னும் உருவான தொழிலாளர் சட்டங்கள் பொறுப்பை முதலாளியின் பக்கம் திருப்பின. 1951இல் தொடங்கப்பட்ட ஊழியர் சேமநிதி முதுமைக்கானது. 1969ஆம் ஆண்டின் சட்டத்தின்படி 1971இல் அமைந்த பெர்கேசோ என்னும் சமூகப் பாதுகாப்பு நிறுவனம் வேலையிட விபத்துக்கும் உடல் முடக்கத்துக்கும் உரியது. வேலையிழப்புக்கு உரியதாக 1980ஆம் ஆண்டின் ஆட்குறைப்பு இழப்பீட்டு விதிகள் மட்டுமே இருந்தன. பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும், 2 ஆண்டுக்குக் குறைவான சேவை உடையவருக்கு 10 நாள் சம்பளம், 2 முதல் 5 ஆண்டு வரை 15 நாள், அதற்கு மேல் 20 நாள் என்று அவை வகுத்தன. இவ்விதிகளின் குறை எளிமையானது: தொழிற்சாலை நொடித்துப் போகும்போதுதான் தொழிலாளி இழப்பீடு கேட்கிறார், அந்த வேளையில்தான் முதலாளியிடம் கொடுக்கப் பணம் இருப்பதில்லை. 1997–98 ஆசிய நிதி நெருக்கடியின்போது, 1998இல் மட்டும் நாடெங்கும் 80,000க்கும் மேற்பட்டோர் ஆட்குறைப்புக்கு உள்ளானபோது இக்குறை வெளிப்பட்டது. தோட்டங்களிலிருந்து பெயர்ந்து பாசிர் கூடாங், மாசாய், ஸ்கூடாய் பகுதிகளின் ஆலைகளுக்குள் நுழைந்திருந்த தலைமுறைக்கும் அதே 1980ஆம் ஆண்டு விதிகளே காப்பாக இருந்தன. எல்லாத் தொழிலாளர்களுக்கும் பொதுவான ஆட்குறைப்பு நிதி ஒன்று வேண்டுமென்று மலேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் அப்போது முதல் வலியுறுத்திவந்தது. செலவு கூடும் என்று முதலாளிகள் சம்மேளனம் எதிர்த்துவந்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இழுபட்ட இந்த விவாதம் 2017இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேலைக் காப்புறுதித் திட்டச் சட்டத்தால் முடிவுக்கு வந்தது.

சட்டம் 800 என்று சுருக்கமாக அறியப்படும் அந்தச் சட்டத்தின்படி, 2018 ஜனவரி முதல் முதலாளி சம்பளத்தில் 0.2 விழுக்காடும் தொழிலாளி 0.2 விழுக்காடும் பெர்கேசோவிடம் சந்தா செலுத்தத் தொடங்கினர். சந்தா கணக்கிடப்படும் சம்பள உச்சவரம்பு அப்போது 4,000 ரிங்கிட். வேலையிழந்தவருக்கு வேலை தேடும் உதவித்தொகையாக முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, இரண்டாம் மாதம் 50, மூன்றாம் நான்காம் மாதங்களில் 40, அதன்பின் ஆறாம் மாதம் வரை 30 விழுக்காடு எனத் தொகை படிப்படியாகக் குறைந்துசெல்லும். தாமே வேலையை விட்டவருக்கும் ஒப்பந்தக் காலம் முடிந்தவருக்கும் இது கிடையாது. முழு அளவிலான உதவித்தொகைகள் 2019 ஜனவரியில்தான் வழங்கப்படத் தொடங்கின. அதாவது, பெருந்தொற்று வந்தபோது அத்திட்டத்துக்கு ஓராண்டும் சில மாதங்களுமே வயது. சிறிய சந்தாதான், ஆயினும் வேலையற்றவர் தம் பழைய முதலாளியின் தயவை நாடாமல் ஓர் உரிமையாகக் கேட்டுப் பெறும் முதல் தொகை இது என்பதால், மலேசியத் தொழிலாளர் வரலாற்றில் இதன் இடம் அதன் விழுக்காட்டைவிடப் பெரியது.

2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. அந்த ஆண்டு மே மாதத்தில் வேலையின்மை விகிதம் 5.3 விழுக்காட்டை எட்டியது. வேலையற்றோர் தொகை 8 இலட்சத்து 26 ஆயிரத்தைத் தொட்டது. இந்த வரலாற்றில் மார்ச் 27ஆம் நாள் தனித்துக் குறிக்கத்தக்கது. அன்று பிரதமர் முகிதீன் யாசின் 250 பில்லியன் ரிங்கிட் மதிப்புள்ள பிரிஹாத்தின் பொருளாதார ஊக்கத் திட்டத்தை அறிவித்தார். ஊக்கத் திட்டம் என்பது, மக்களும் நிறுவனங்களும் செலவிடுவதை நிறுத்திவிடும் காலத்தில் பொருளாதாரம் முடங்கிவிடாதிருக்க அரசு தன் பணத்தையும் கடன் தளர்வுகளையும் சந்தைக்குள் செலுத்துவதாகும். அறிவிக்கப்பட்ட 250 பில்லியனில் அரசின் நேரடிச் செலவு 25 பில்லியன் மட்டுமே என்பதும் இங்கு நினைவிற்கொள்ளத் தக்கது. அதே நாளில் ஜொகூரின் குளுவாங் மாவட்டத்தில், சிம்பாங் ரெங்கத்தை அடுத்த கம்போங் டத்தோ இப்ராஹிம் மஜீட்டிலும் அதன் அண்டைக் குடியிருப்பிலும் சுமார் 3,500 பேரை வீட்டை விட்டு வெளியேற விடாத கடுமையான கட்டுப்பாடு, நாட்டிலேயே முதன்முறையாக விதிக்கப்பட்டது. அமெரிக்க அதிபர் கொவிட் நிவாரணச் சட்டத்தில் கையெழுத்திட்டதும் அதே மார்ச் 27இல்தான்.

அமெரிக்கச் சட்டமும் மலேசியத் திட்டமும் 600 என்னும் ஒரே எண்ணைத் தேர்ந்தது தற்செயல். ஆனால் அந்த எண் இரு நாடுகளிலும் செய்த வேலை முற்றிலும் வேறு. அமெரிக்காவில் வேலையிழந்தவர்கள் தம் மாநிலம் வழங்கும் வழக்கமான தொகைக்கு மேல் வாரத்துக்கு 600 டாலர் கூடுதலாகப் பெற்றனர். ஒவ்வொருவரின் சம்பளத்துக்கேற்பத் தொகையைக் கணக்கிட மாநிலங்களின் பழைய கணினிகளால் இயலாது என்பதால் எல்லாருக்கும் ஒரே தொகை வைக்கப்பட்டது. அதன் விளைவாக, வேலையின்மைத் தொகைக்குத் தகுதியுற்றவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்டோர் இழந்த சம்பளத்தைவிட அதிகம் பெற்றதாகச் சிக்காகோ பல்கலைக்கழகப் பொருளியலாளர்கள் கணித்தனர். மலேசியாவின் 600 ரிங்கிட்டோ மாதத்துக்கு உரியது. அதுவும் வேலையிழந்தவருக்கு அன்று, வேலையில் வைத்திருக்கும் முதலாளிக்குச் சம்பள உதவித்தொகையாகச் சென்றது. வருமானம் பாதியாகச் சரிந்த நிறுவனங்கள், 4,000 ரிங்கிட்டுக்குக் குறைவாகச் சம்பளம் பெறும் ஒவ்வோர் ஊழியருக்கும் இதனை மூன்று மாதம் பெறலாம் என்பது முதல் ஏற்பாடு. நகராட்சிப் பகுதிகளின் குறைந்தபட்சச் சம்பளம் அப்போது 1,200 ரிங்கிட்டாக இருந்ததை நோக்க, அந்தத் தொகை அதன் பாதியையே ஈடுசெய்தது. சிறு தொழில் நடத்துவோரின் முறையீட்டுக்குப் பின் ஏப்ரல் 6ஆம் நாள் இது திருத்தப்பட்டு, 75 பேருக்கு மிகாத நிறுவனங்களுக்கு 1,200, 200 பேர் வரை உள்ளவற்றுக்கு 800, அதற்கு மேற்பட்டவற்றுக்கு 600 என்று ஆக்கப்பட்டது. உதவி பெறும் முதலாளி ஆறு மாதத்துக்கு ஆட்குறைப்புச் செய்யக் கூடாது என்னும் நிபந்தனையும் சேர்ந்தது. இந்தத் திருத்தமே திட்டத்துக்கு உயிர் தந்தது எனலாம். ஜொகூர் பாருவில் பத்துப் பேரை வைத்து உணவகமோ பட்டறையோ நடத்துபவருக்கு 600 போதாது, 1,200 போதும் என்னும் வேறுபாடுதான் கதவடைப்புக்கும் தொடர்வதற்கும் இடையிலான எல்லை. ஜூன் 5 அன்று அறிவிக்கப்பட்ட பென்ஜானா திட்டம் இதனை நீட்டித்தது. பிற்பாடு வந்த தொகுப்புகளின் பெயர்களை எல்லாம் இங்கு அடுக்க வேண்டியதில்லை. 2021 ஜூன் 28இன் பெமுலிஹ் வரை அவை இதே வார்ப்பிலேயே அமைந்தன. வேலை தேடும் உதவித்தொகையின் காலமும் 2021 வரவு செலவுத் திட்டத்தின் வழி ஒன்பது மாதமாக நீட்டிக்கப்பட்டது.

எம். சரவணன் மனிதவள அமைச்சராக இருந்த அக்காலத்தில் பெர்கேசோ இத்தனை பெரிய பட்டுவாடாவை இணையம் வழியே விரைந்து செய்து முடித்தது பாராட்டுக்குரியது. பெயர்களும் சம்பளங்களும் ஏற்கெனவே அதன் பதிவேட்டில் இருந்தது இதற்கு ஒரு காரணம். ஆனால் அந்தப் பதிவேடே வேலியாகவும் ஆனது. சம்பள உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வேண்டியவர் முதலாளி. சம்பளமில்லா விடுப்பில் அனுப்பப்பட்டவருக்கு வழங்கப்பட்ட மாதம் 600 ரிங்கிட்டுக்கும் முதலாளியே விண்ணப்பிக்க வேண்டும். முதலாளி சந்தா செலுத்தாது விட்டிருந்தால், அந்தத் தொழிலாளி அரசின் கண்ணுக்கு இல்லாதவராகிவிட்டார்.

இந்த வேலிக்கு வெளியே நின்றவர்களில் ஒரு பெரிய கூட்டம் சிங்கப்பூரோடு இணைக்கும் ஜொகூர் கடற்பாலத்தின் மீது இருந்தது. 1924இல் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்ட அப்பாலத்தையும் துவாஸ் இரண்டாம் பாலத்தையும் பெருந்தொற்றுக்கு முன் நாள்தோறும் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட மலேசியர்கள் கடந்ததாகப் பரவலாகக் கணக்கிடப்பட்டது. மார்ச் 17 இரவுக்குள் அவர்கள் ஒரு முடிவெடுக்க வேண்டியிருந்தது: சிங்கப்பூரில் தங்கினால் வேலை இருக்கும், குடும்பம் இராது, ஜொகூரில் தங்கினால் குடும்பம் இருக்கும், வேலை இராது. அங்கே தங்கியவர்களின் இருப்பிடத்துக்காகச் சிங்கப்பூர் அரசு, நிறுவனங்களுக்கு ஒருவருக்கு ஓர் இரவுக்கு 50 சிங்கப்பூர் வெள்ளி வீதம் 14 இரவுகளுக்கு உதவியது. ஆனால் சிங்கப்பூரின் முதன்மையான சம்பள ஆதரவுத் திட்டம் அந்நாட்டுக் குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் மட்டுமே கணக்கில் எடுத்தது. மலேசிய வேலை அனுமதிக்காரர் வேலையிழந்தால் அவருக்கு அங்கு எந்த உரிமையும் இல்லை. மலேசியப் பக்கத்தில், அவரது முதலாளி மலேசியர் அல்லர் என்பதால் வேலைக் காப்புறுதியில் அவர் பெயர் இல்லை. சம்பள உதவித்தொகையும் இல்லை. சிங்கப்பூரின் மத்திய சேமநிதியில் வேலை அனுமதிக்காரருக்கு இடமில்லை; தாமாக முன்வந்து செலுத்தியிருந்தாலன்றி மலேசியச் சேமநிதியிலும் புதிய சேமிப்பு இராது. அவருக்கு எஞ்சியது வருமானத்தை அடிப்படையாகக் கொண்ட பந்துவான் பிரிஹாத்தின் நேஷனல் என்னும் ஒருமுறை உதவி மட்டுமே: 4,000 ரிங்கிட்டுக்கு மேற்படாத வருமானமுள்ள குடும்பத்துக்கு 1,600, 8,000 வரை 1,000 ரிங்கிட். இரு நாடுகளும் 2020 ஆகஸ்ட் 17இல் தொடங்கிய பயண ஏற்பாடு, குறைந்தது 90 நாள் அங்கேயே தங்கி உழைத்தபின் வீடு திரும்ப அனுமதித்தது. நாள்தோறும் போய்வருபவருக்கு அது உதவவில்லை. தரைவழி எல்லை முழுமையாகத் திறக்க 2022 ஏப்ரல் 1 வரை இரண்டு ஆண்டுகள் ஆயின. ஜொகூர் பாரு, இஸ்கந்தார் புத்ரி வட்டாரங்களின் வாடகையும் கடைவீதியும் சிங்கப்பூர்ச் சம்பளத்தைச் சார்ந்திருந்தமையால், அந்தச் சம்பளம் நின்றதும் உள்ளூர் வேலைகளும் சேர்ந்து சரிந்தன.

பொது நிதியும் ஊக்கத் தொகுப்புகளும் போதாத இடத்தில் அரசு திறந்துவிட்ட கதவு, தொழிலாளியின் சொந்த முதுமைச் சேமிப்பு. மாதம் 500 ரிங்கிட் எடுக்கவிட்ட ஐ-லெஸ்தாரி, அதன்பின் ஐ-சினார், ஐ-சித்ரா, 2022இன் சிறப்பு மீட்பு ஆகிய நான்கின் வழி ஊழியர் சேமநிதியிலிருந்து மொத்தம் 145 பில்லியன் ரிங்கிட் வெளியேறியது. 2021 இறுதிக்குள்ளாகவே 55 வயதுக்கு உட்பட்ட உறுப்பினர்களில் ஏறக்குறையப் பாதிப் பேரின் கணக்கில் 10,000 ரிங்கிட்டுக்கும் குறைவாகவே இருந்தது. பிரிஹாத்தினின் நேரடி அரசுச் செலவைப்போல் ஏறத்தாழ ஆறு மடங்கான இந்தத் தொகையை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது, பெருந்தொற்று நிவாரணத்தின் பெரும் பங்கைத் தொழிலாளர்கள் தங்கள் முதுமையிலிருந்து கடன் வாங்கித் தாங்களே செலுத்தினர் என்னும் முடிவைத் தவிர்க்க இயலாது. 1930களில் கிராமம் ஏற்ற செலவை 2020களில் எதிர்காலம் ஏற்றது.

பெருந்தொற்றுக்குப் பின் வேலைக் காப்புறுதி வலுப்பெற்றிருக்கிறது: சந்தாவுக்கான சம்பள உச்சவரம்பு 2022 செப்டம்பரில் 5,000 ரிங்கிட்டாகவும் 2024 அக்டோபரில் 6,000 ரிங்கிட்டாகவும் உயர்த்தப்பட்டதால், முதல் மாத உதவித்தொகை இப்போது 4,800 ரிங்கிட் வரை செல்லக்கூடும். இது சரியான திசை. ஆயினும் பதிவேட்டில் உள்ளவரின் தொகையைக் கூட்டியதே தவிர, பதிவேட்டின் எல்லையை இது நகர்த்தவில்லை. ஊழியர் சேமநிதியில் தாமாகச் சந்தா செலுத்த வழியிருப்பதுபோல, சிங்கப்பூரில் உழைக்கும் மலேசியர் வேலைக் காப்புறுதியிலும் தம் பங்கைச் செலுத்திச் சேரும் வழியை நாடாளுமன்றம் திறக்க வேண்டும். கடற்பாலம் இன்னொருமுறை மூடப்படும் நாளுக்கு முன்பாகவே திறக்க வேண்டும்.