பக்கவாத நோயாளியை வீட்டுக்கு அழைத்து வருமுன்: குடும்பத்தார் கவனிக்க வேண்டியவை

கெடாவில் பக்கவாதம் கண்டவர்கள் பெரும்பாலும் அலோர்ஸ்டார் சுல்தானா பாஹியா, சுங்கைப்பட்டாணி சுல்தான் அப்துல் ஹாலிம், கூலிம் ஆகிய அரசு மருத்துவமனைகளில் சேர்க்கப்படுகிறார்கள். "வீட்டுக்குப் போகலாம்" என்று மருத்துவர் சொன்ன பிறகும் சிலர் வார்டிலேயே நாள்களைக் கழிப்பதுண்டு. பிள்ளைகள் வெளியூரில் வேலை செய்வார்கள். தோட்ட வீட்டின் கழிவறை கொல்லைப்புறத்தில் இருக்கும். யார் தூக்கி உட்கார வைப்பது என்று முடிவாகியிருக்காது.

மூன்றாம் வகுப்பு வார்டுக்கு நாளொன்றுக்கு 3 வெள்ளிதானே என்று இருந்துவிடக் கூடாது. நாள் கூடக் கூட படுக்கைப்புண், நுரையீரல் தொற்று, தசை மெலிவு ஆகியவற்றுக்கான வாய்ப்பும் கூடும். அந்தப் படுக்கைக்காக அவசரப் பிரிவில் இன்னொருவர் காத்திருக்கவும் கூடும்.

சேர்த்த நாளிலேயே தொடங்குங்கள்

மருத்துவரிடம் பேச குடும்பத்தில் ஒருவரை நியமியுங்கள். எப்போது வீடு திரும்பலாம், விழுங்க முடியுமா, மூக்குக் குழாய் தேவையா, எழுந்து நடக்க முடியுமா என்று அவர் கேட்டு எழுதி வைக்கட்டும்.

பராமரிக்கப் போகிறவர் வார்டிலேயே தாதியரிடமும் உடற்பயிற்சி சிகிச்சையாளரிடமும் பழகிக்கொள்ள வேண்டும். குழாய்வழி உணவு கொடுப்பது, புரட்டிப் படுக்க வைப்பது, நாற்காலிக்கு மாற்றுவது ஆகியவை முக்கியம். விழுங்கும் திறனைச் சோதிக்கும் முன் கஞ்சியோ தண்ணீரோ ஊட்ட வேண்டாம். அது நுரையீரலுக்குள் போய்விடலாம்.

கெடாவில் அரசு அலுவலகங்களுக்கு வார விடுமுறை வெள்ளி, சனி. ஞாயிறு விடுமுறையுள்ள பினாங்கில் வேலை செய்யும் பிள்ளைகள் அன்று இங்கு வந்து அலுவலக வேலைகளை முடிக்கலாம்.

எங்கே உதவி கேட்பது?

* சக்கர நாற்காலி வாங்க வசதி இல்லையென்றால், மருத்துவமனையின் மருத்துவ சமூகப் பணி அதிகாரியைப் பார்க்க தாதியிடம் கேளுங்கள்.
* படுத்த படுக்கையாகிவிட்டவரைப் பராமரிக்க, வருமான வரம்புக்கு உட்பட்டு, சமூகநல இலாகா மாதம் 500 வெள்ளி உதவித்தொகை வழங்குகிறது.
* 60 வயது நிறையாத சொக்சோ சந்தாதாரர் வேலைக்குத் திரும்ப முடியாத நிலையில் இருந்தால், 'பென்சென் இலாட்' எனப்படும் இயலாமை ஓய்வூதியத்திற்கு விண்ணப்பிக்கலாம்.
* அரசு கிளினிக்கின் 'டொமிசிலியாரி' சேவையில் மருத்துவக் குழு வீட்டுக்கே வந்து பார்க்கும். இதற்கான பரிந்துரையை வார்டில் கேட்டு வாங்குங்கள்.

புறப்படும் நாளில்

நோய்ச் சுருக்கக் கடிதம், மருந்துப் பட்டியல், அடுத்த சந்திப்புத் தேதி மூன்றும் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். தொடர் மருந்துகளை வீட்டுக்கு அருகிலுள்ள அரசு கிளினிக்கில் வாங்க 'எஸ்.பி.யு.பி.' முறையில் பதியச் சொல்லி மருந்தகத்தில் கேட்கலாம். பீடோங், பாடாங் செராய், புக்கிட் செலம்பாவ் பக்கத்துத் தோட்டத்தாருக்கு மாதாமாதம் பெரிய மருத்துவமனைக்குப் போகும் அலைச்சல் இதனால் மிச்சமாகும்.

வீடு வந்த பின் மாத்திரையை நிறுத்த வேண்டாம். வாய் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறுதல் மீண்டும் தெரிந்தால், எண்ணெய் தடவி நேரத்தைப் போக்காமல் உடனே 999-ஐ அழையுங்கள்.