ஆட்டுக்குப் போட்ட ஊசி எங்கே போகிறது?



ஊரில் ஆடு வளர்த்த குடும்பங்களுக்கு இது பழைய கேள்வி. ஆட்டுக்கு ஊசி போட்டால் அதன் பாலை எப்போது குடிக்கலாம்? இறைச்சியை எப்போது உண்ணலாம்? இதற்கு விடை தேடினால், 1941இல் ஒக்ஸ்போர்ட் வைத்தியசாலையில் கிடந்த ஒரு பொலிஸ்காரரிடம் போய் நிற்போம்.

பெனிசிலினை அலெக்சாண்டர் பிளெமிங் கண்டது 1928இல். அதை மருந்தாக்கியவர்கள் ஒக்ஸ்போர்டில் புளோறி, செயின், ஹீற்லி ஆகியோர். 1941 பெப்ரவரி 12 அன்று, கிருமி தொற்றிச் சாகக் கிடந்த அல்பேர்ட் அலெக்சாண்டருக்கு அதை ஏற்றத் தொடங்கினார்கள். சில நாட்களில் மனிதர் தேறினார். ஆனால் மருந்து தீர்ந்துகொண்டிருந்தது. அவருடைய சிறுநீரைச் சேகரித்து, சைக்கிளில் ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோய், அதிலிருந்த பெனிசிலினைப் பிரித்தெடுத்து மீண்டும் அவருக்கே ஏற்றினார்கள். அதுவும் போதவில்லை. மார்ச் 15இல் அவர் இறந்துபோனார்.

சிறுநீரில் மருந்து எப்படி வந்தது? சிறுநீரகம் பெனிசிலினை வெறுமனே வடிகட்டுவதில்லை. இரத்தத்திலிருந்து இழுத்தெடுத்து வெளியே தள்ளுகிறது. ஏற்றியதில் பெரும்பகுதி சில மணி நேரத்திலேயே போய்விடும். எங்கள் கணக்காளர் பாஷையில் சொன்னால், வரவு எழுதிய மை காயுமுன் செலவும் எழுதியாயிற்று.

இதைத் தடுக்க இரண்டு வழிகள் பார்த்தார்கள். ஒன்று, வெளியேறும் வாசலை அடைப்பது. புரோபெனிசிட் என்ற மருந்து அதற்காகவே வந்தது. மற்றது, உள்ளே வருவதைத் தாமதப்படுத்துவது. முதலில் கடலை எண்ணெயிலும் தேன்மெழுகிலும் கலந்து பார்த்தார்கள். பிறகு புரோகெயின் பெனிசிலின் வந்தது. அது எளிதில் கரையாது. தசைக்குள் ஒரு சேமிப்புப்போலக் கிடந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து இரத்தத்தில் சேரும்.

மிருக வைத்தியர் குலுக்கி எடுக்கும் அந்த வெள்ளை மருந்து பெரும்பாலும் இதுதான். ஆட்டின் சிறுநீரகமும் பெனிசிலினை விரைவாகவே வெளியேற்றும். மருந்து நீண்ட நேரம் தெரிவதற்குக் காரணம் சிறுநீரகத்தின் மந்தம் அல்ல, ஊசி குத்திய இடத்தில் மருந்து கரைய எடுக்கும் நேரம். அதனால்தான் எந்த மருந்து, எவ்வளவு, எந்த இடத்தில் என்பதெல்லாம் முக்கியம். தசையில் போடுவதும் தோலுக்கடியில் போடுவதும் ஒன்றல்ல. நீண்ட நேரம் வேலை செய்யும் ஒக்சிரெற்றாசைக்கிளின் ஊசியிலும் ஏறத்தாழ இதே தந்திரம்தான். இரத்தத்தில் மருந்து குறைந்த பிறகும் குத்திய இடத்து இறைச்சியில் மிச்சம் இருக்கலாம்.

இந்த மிச்சத்தை முதலில் உணர்ந்தவர்களில் பாற்கட்டி செய்பவர்களும் இருந்தார்கள். பசுக்களின் மடிநோய்க்குப் பெனிசிலின் பரவிய காலத்தில், பாலைப் புளிக்கவைக்கும் நல்ல கிருமிகளும் செத்துப்போயின. பெனிசிலின் ஒவ்வாமை உள்ளவர்களைப் பற்றிய கவலையும் சேர்ந்தது. பாலைக் காய்ச்சினால் மருந்து போய்விடும் என்பார்கள். அதை நம்பவேண்டாம், பெனிசிலின் அவ்வளவு இலகுவில் அழியாது.

மருந்துக்குப் பின் காத்திருக்கும் நாட்கள் போத்தலில் எழுதியிருக்கும். ஆனால் பல போத்தல்களில் இருப்பது மாட்டுக்கும் செம்மறிக்கும் உரிய கணக்கு. ஆடு சின்ன மாடு அல்ல. சில மருந்துகளை அது மாட்டைவிட வேகமாக வெளியேற்றும். அளவைக் கூட்டிப் போட்டால் போத்தலில் உள்ள நாட்கணக்கு செல்லாது. ஆட்டுக்கு எத்தனை நாள் என்பதை மிருக வைத்தியரே தீர்மானிக்கவேண்டும். ஊசி போட்ட திகதி, மருந்தின் பெயர், அளவு ஆகியவற்றைப் பண்ணையாளர் கொப்பியில் எழுதிவைப்பது பல நாடுகளில் சட்டப்படி கடமை.