வடசென்னையும் நிருபர் வித்தையும்

வைகாசி கழிந்து சர்வகலாசாலைகள் மீண்டும் திறக்கும் காலம் நெருங்குகையில், பட்டம் பெற்றுவிட்டுப் பத்திரிகைத் தொழில் பயில வரும் இளைஞர்களுக்கு முதலில் எந்தப் புஸ்தகத்தைக் கொடுப்பது, முதலில் எந்தத் தெருவுக்கு அனுப்புவது என்று ஆசிரியர்கள் கூடி யோசிப்பது இப்போது வருஷந்தோறும் நடக்கும் வழக்கமாகிவிட்டது. இந்த வழக்கத்துக்குச் சென்னையில் நூறு ஆண்டுக்கு மேற்பட்ட பூர்வகதை ஒன்று உண்டு. அதன் முற்பாதி பெரும்பாலும் துறைமுகத்தையும், அதை அடுத்த கறுப்பர் பட்டணத்துச் சந்துகளையும், பெரம்பூர் ஆலை வாசல்களையும் சுற்றியே நடந்தது என்பதைச் சேப்பாக்கத்திலும் தரமணியிலும் பாடத்திட்டம் வகுப்போர் அதிகமாக நினைப்பதில்லை.

1785-ஆம் ஆண்டு அக்டோபர் 12-ஆம் தேதி ரிச்சர்ட் ஜான்ஸ்டன் என்னும் அச்சுக்காரர் ‘மெட்ராஸ் கூரியர்’ பத்திரிகையைத் தொடங்கியபோது சென்னைக்குத் துறைமுகமே கிடையாது. சீமைக் கப்பல்கள் கரையிலிருந்து வெகுதூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும். ஆணி அடிக்காமல் கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய மசூலாப் படகுகள் அலைகளின் அடியைத் தாங்கி நெகிழ்ந்து கொடுத்துக்கொண்டு, மனிதரையும் மூட்டைகளையும் கரை சேர்க்கும். அவையும் போகத் துணியாத நாட்களில் கட்டுமரக்காரர் புறப்படுவர். தலையில் இறுகக் கவிழ்த்த கூம்புத் தொப்பியினுள் கடிதங்களை வைத்து, அலை புரட்டித் தள்ளினாலும் மீண்டும் மரத்தில் தாவி ஏறி, எழுத்து நனையாமல் கொண்டுவந்து சேர்த்த அந்தக் கடலோடிகளின் சாமர்த்தியத்தை அக்காலத்து வெள்ளைக்காரப் பிரயாணிகள் பலர் வியந்து எழுதிவைத்திருக்கின்றனர். கப்பல்களின் வரவும் போக்கும், ஏறியோர் இறங்கியோர் பெயர்களும், இறங்கிய சரக்குகளின் விவரமும் அன்றைய பத்திரிகைகளின் முக்கிய விஷயமாயிருந்தபடியால், சென்னைப் பத்திரிகையின் முதல் நிருபர் என்ற பட்டத்தை எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கட்டுமரக்காரனுக்கே கொடுக்கலாம் என்பது என் அபிப்பிராயம். இதே பட்டணத்தில்தான் 1794-இல் ஆர்மேனியப் பாதிரியார் ஹாருத்யூன் ஷ்மாவோனியன், உலகத்தின் முதல் ஆர்மேனியப் பத்திரிகையான ‘அஸ்தரார்’ என்பதையும் அச்சிட்டார். வர்த்தகர் கூடுகிற துறையில் செய்தி பிறக்கும் என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி.

1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு ரயில் ஓடத் தொடங்கியது. 1861-இல் இரும்புத் தூண்களின்மேல் கடற்பாலம் வந்தது. அரும்பாடுபட்டுக் கட்டிய துறைமுகச் சுவர்களை 1881-ஆம் ஆண்டுப் புயல் பெயர்த்தெறிந்த பின் அவை மறுபடியும் எழுந்தன. இவற்றின் சரித்திரம் தனியே எழுதத்தக்கது. இங்கே நமக்கு வேண்டியது இத்தனைக்கும் பக்கத்திலிருந்த தங்கசாலைத் தெருதான்.

1878 செப்டம்பர் 20-ஆம் தேதி அத்தெருவிலிருந்த ஸ்ரீநிதி அச்சுக்கூடத்தில், கடனாகப் பெற்ற ஒன்றே முக்கால் ரூபாயைக் கொண்டு, 80 பிரதிகள் மாத்திரம் அச்சாகி வெளிவந்தது ‘ஹிந்து’. அதை ஆரம்பித்த அறுவரில் ஜி. சுப்பிரமணிய ஐயரும் எம். வீரராகவாச்சாரியாரும் பள்ளி உபாத்தியாயர்கள். மற்ற நால்வரும் சட்டம் பயின்றுகொண்டிருந்த மாணவர்கள். திருவாரூர் முத்துசாமி ஐயர் ஹைகோர்ட்டு ஜட்ஜாக நியமிக்கப்பட்டதை வெள்ளைக்காரப் பத்திரிகைகள் பரிகசித்ததைப் பொறாமல் எழுந்த இவ்வறுவருக்கும் பத்திரிகைத் தொழிலில் ஒரு நாள் பயிற்சியும் கிடையாது. வாத்தியார் இருவர், மாணாக்கர் நால்வர் என்ற கணக்கில் பார்த்தால் நம் ஊரின் முதல் பத்திரிகை வகுப்பு அதுவே என்று வேடிக்கையாகச் சொல்லலாம்; ஆனால் அங்கே பரீட்சை முதலில் வந்தது, பாடம் பின்னால் வந்தது. அதே சுப்பிரமணிய ஐயர் 1882-இல் ‘சுதேசமித்திரன்’ தொடங்கி, 1904-இல் மதுரையிலிருந்து ஓர் இளைஞரை உதவியாசிரியராக அழைத்துவந்து, இங்கிலீஷில் வந்த தந்திகளையும் பிரசங்கங்களையும் நாள்தோறும் தமிழாக்கும் வேலையில் அமர்த்தினார். சுப்பிரமணிய பாரதி பத்திரிகை வித்தை கற்றது அந்த மேஜையில்தான். மூத்தவர் திருத்தியதைப் பார்த்து இளையவர் தெரிந்துகொள்ளும் குருகுலவாசமே அப்போது இருந்த ஒரே முறை. பிறகும் நெடுங்காலம் அதுவே இருந்தது.

பத்திரிகைத் தொழிலை ஒரு கல்லூரிப் பாடமாகவே கற்பிக்கலாம் என்று இந்நாட்டில் முதலில் துணிந்தவர் அன்னி பெஸன்ட் அம்மையார். 1914-இல் ‘மெட்ராஸ் ஸ்டாண்டர்ட்’ பத்திரிகையை வாங்கி ‘நியூ இந்தியா’ என்று பெயரிட்டு நடத்திய அவ்வம்மையார், அடையாற்றில் ஸ்தாபித்த தேசிய சர்வகலாசாலையில் 1920-ஆம் ஆண்டு பத்திரிகைத் தொழிலைப் பாடமாக வைத்து, தம் பத்திரிகைகளிலேயே மாணவர்கள் கைப்பழக்கம் பெறவும் ஏற்பாடு செய்தார். சர்க்காரிடம் கட்டிய ஜாமீன் தொகை 2,000 ரூபாயை இழந்து, பின்னும் 10,000 ரூபாய் கட்டியவர் அவர். ஆகையால் ஒரு வாக்கியத்தின் விலை என்ன என்பதை அவரைக் காட்டிலும் நன்றாக மாணவர்களுக்குச் சொல்லக்கூடியவர் வேறு எவரும் இருந்திருக்க முடியாது.

ஆனால் அந்தப் பத்திரிகையின் மேலான பாடம் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, பாடத்திட்டம் எதுவும் இல்லாமல் நடந்து முடிந்திருந்தது. அம்மையாருடன் 1917-இல் சிறைவைக்கப்பட்டு விடுதலை பெற்று, ‘நியூ இந்தியா’வில் உதவியாசிரியராயிருந்த பி. பி. வாடியாவைத் தேடி, 1918-ஆம் ஆண்டு செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் வந்தனர். பெரம்பூரில் வேங்கடேச குணாமிர்த வர்ஷணி சபை என்ற பஜனை சபையை நடத்தி, பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களோடு பழகியவர்கள் அவ்விருவரும். நடுப்பகல் இடைவேளையில் ஓட்டமாய் ஓடி, சோற்றை அள்ளிப்போட்டுக்கொண்டு, மணி அடிப்பதற்குள் மீண்டும் யந்திரத்தண்டை வந்து நிற்கவேண்டிய அவதியை அவர்கள் சொன்னார்கள். மேஸ்திரிகளின் அடி உதைகளையும் சொன்னார்கள். ஹோம் ரூல் அரசியலில் மூழ்கியிருந்த வாடியாவுக்கு ஆலைத் தொழிலைப் பற்றி அன்றுவரை அதிகப் பரிச்சயம் இல்லை. கேட்டதோடு நில்லாமல் அவர் பெரம்பூருக்கே சென்று, வாரந்தோறும் தொழிலாளர் கூட்டங்களில் பேசினார். ஏப்ரல் 27-ஆம் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் ஏற்பட்டது. ஒழுங்கான உறுப்பினர் சந்தாவும் அமைப்பும் கொண்ட இந்தியாவின் முதல் தொழிற்சங்கம் என்று அதைச் சரித்திரக்காரர்கள் குறிப்பிடுகின்றனர். செய்தி தேடிப் போன பத்திரிகைக்காரர் எவரும் இல்லாத இடத்திலிருந்து, செய்தியே நடந்து காரியாலயத்துக்கு வந்தது என்பதை நாம் கவனிக்கவேண்டும்.

வாடியாவின் பேச்சு இங்கிலீஷில் நடந்தது. அச்சங்கத்தைத் தமிழில் தாங்கியவர், ‘தேசபக்தன்’ ஆசிரியராயிருந்து பின்பு 1920-இல் ‘நவசக்தி’ தொடங்கிய திரு. வி. கலியாணசுந்தரனார். ஆலைத் தொழிலாளி மேடையடியில் நின்று கேட்டுப் புரிந்துகொள்ளும் நடையே பத்திரிகைக்கும் உரியது என்று அவர் கண்டுகொண்டதனால், அந்நாளைய பத்திரிகைத் தமிழின் போக்கு மாறியது. பெரம்பூர் மைதானத்துக்கு அதில் பங்கு உண்டு என்று சொல்வது மிகையாகாது. செம்படவர் குலத்தில் பிறந்து வக்கீலாகி, 1923 மே முதல் தேதி கடற்கரையில் இரண்டு இடங்களில் மே தினம் கொண்டாடிய சிங்காரவேலரும், அதே காலத்தில் இங்கிலீஷில் ‘லேபர் கிஸான் கெஜட்’, தமிழில் ‘தொழிலாளன்’ என்று இரண்டு பத்திரிகைகளை நடத்தினார். பின்னும் ஒரு தலைமுறை கழித்து, 1949 செப்டம்பரில் ராயபுரம் ராபின்சன் பூங்காவில் கொட்டும் மழையில் கூடிய திராவிட முன்னேற்றக் கழகத் தொடக்கக் கூட்டத்தில் பேசியவர்களில் பலர் தாமே ஒவ்வொரு பத்திரிகையின் ஆசிரியர்கள். அவர்களுடைய தாள்களை ஒருவர் உரக்கப் படிக்கப் பத்துப்பேர் கேட்ட படிப்பகங்கள் வண்ணாரப்பேட்டையிலும் தண்டையார்பேட்டையிலும் தெருவுக்குத் தெரு இருந்தன.

இதற்கிடையே பத்திரிகைகள் தெற்கே நகர்ந்துகொண்டிருந்தன. ‘ஹிந்து’ 1883-லேயே மவுண்ட் ரோட்டுக்குப் போய்விட்டது. ஏனையவையும் ஒவ்வொன்றாகத் தொடர்ந்தன. படிப்பும் அதே திசையில் சென்றது. சேப்பாக்கத்துச் சென்னைச் சர்வகலாசாலை 1947-இல் பட்டதாரிகளுக்கென்று பத்திரிகைத் தொழில் வகுப்பை ஆரம்பித்தது. 1952-இல் நியமிக்கப்பட்ட பத்திரிகைக் கமிஷன் பயிற்சியைப் பற்றியும் ஆராய்ந்தது. 2000-ஆம் ஆண்டு ஏஷியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிஸம் சென்னைக்கு வந்து, பிற்பாடு தரமணியில் நிலைபெற்றது. வறுமையையும் இல்லாமையையும் பற்றி எழுதுவதற்கென்றே அக்கல்லூரி தனிப்பாடம் வைத்திருப்பது பாராட்டத்தக்கது. ஆயினும் தங்கசாலைத் தெருவிலிருந்து மவுண்ட் ரோடு, அங்கிருந்து சேப்பாக்கம், அங்கிருந்து தரமணி என்று பத்திரிகையும் பாடமும் செய்த யாத்திரையில், வடசென்னை செய்தி பிறந்த ஊர் என்ற ஸ்தானத்தை இழந்து, செய்திக்காகப் போய்ப் பார்த்துவரும் ஊராகிவிட்டது.

அப்படிப் போய்ப் பார்க்கும் காலத்தில்தான் அவ்வூரின் உருவமும் அடியோடு மாறியது. 1948-இல் ஏற்பட்ட அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆலை அமைத்தது. 1955-இல் திருவொற்றியூரில் என்ஃபீல்ட் மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை வந்தது. 1960-களில் மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு நிலையமும், அதன்பின் எண்ணூரில் அனல் மின்நிலையமும், 2001-இல் புதுத் துறைமுகமும் வந்தன. கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் இறாலும் நண்டும் பிடித்தவர்கள் சாம்பல் சேற்றில் இறங்க நேர்ந்தது.

2017 ஜனவரி 28-ஆம் தேதி விடியற்காலையில் எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே பி. டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. எண்ணெய்க் கசிவு இல்லை என்றே முதலில் அறிவிப்பு வந்தது. அறிவிப்பு வந்த வேளையில் எண்ணெய் தெற்கு நோக்கி மிதந்துகொண்டிருந்தது. பின்னர் எர்ணாவூர்க் கரைப் பாறைகளில் கருந்தாராய்ப் படிந்து, அதை மீனவரும் மாணவரும் கடலோரக் காவற்படையினரும் வாளி வாளியாய் மொண்டு எடுத்ததை உலகமே பார்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் எண்ணூர்க் கழியில் படகையும் வலையையும் பாழாக்கியது. அதே மாதம் 26-ஆம் தேதி இரவு பெரியகுப்பத்தருகே கடலுக்குள் சென்ற அமோனியாக் குழாய் கசிந்து, ஜனங்கள் மூச்சுத்திணறி வீடுகளை விட்டு ஓடினர். இம்மூன்று விஷயத்திலும் முதலில் அறிந்தவர்கள் கரையில் குடியிருந்தவர்களே. அறிக்கையை மாத்திரம் நம்பி மேஜையில் காத்திருந்த நிருபர், 1918-இல் செல்வபதி செட்டியார் வந்ததுபோல் ஒருவர் வந்து கதவைத் தட்டுவார் என்று எதிர்பார்த்திருக்க இயலாது. தொலைவு அவ்வளவு ஆகிவிட்டது.

தொலைவைக் காட்டிலும் பெரிய சங்கடம் வேளையைப் பற்றியது. மாணவர்களை ஒரு வண்டியில் ஏற்றிக் காலைப் பத்து மணிக்குக் காசிமேட்டில் கொண்டுபோய் இறக்கினால், விடியுமுன்பே தொடங்கிய மீன் ஏலம் ஓய்ந்து, கூடைக்காரப் பெண்கள் பஸ் ஏறிப்போய், கழுவிவிட்ட தரையும் உடைந்த ஐஸ் கட்டிகளும்தான் கண்ணுக்குப் படும். எதிர்ப்பட்ட ஒருவரை நிறுத்தி அவர் குறையைக் கேட்டு எழுதிக்கொண்டு திரும்புவர். அவரோ இரவெல்லாம் கடலில் விழித்திருந்து தூக்கத்துக்கு ஏங்குகிறவராயிருப்பார்.

இதற்குத் தகுந்த காலம் ஒன்று பஞ்சாங்கம்போல் வருஷந்தவறாமல் வருகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாதென்பது சட்டம். அந்நாட்களில் காசிமேட்டில் படகுகளைக் கரையேற்றி வர்ணம் பூசுவார்கள், எஞ்சினைப் பிரித்துப் பழுது பார்ப்பார்கள், நிழலில் உட்கார்ந்து வலையைச் செப்பனிடுவார்கள். டீசல் விலை, கடன் கொடுத்தவருக்கு மீனைத் தள்ளுபடியில் கொடுக்கும் ஏற்பாடு, முகத்துவாரத்தில் மண் மேடிடுவது, எந்த ஆலை எந்த நாளில் என்ன நிறத்துத் தண்ணீரை விடுகிறது என்பன போன்ற சகல விஷயங்களையும் சாவகாசமாகப் பேசுவார்கள். பேராசிரியர்கள் அடுத்த பருவத்துக்குப் பாடம் தயாரிப்பதும் இதே இரண்டு மாதத்தில்தான். அவர்கள் முதலில் தாமே வந்து உட்கார்ந்து, யார் யார் எந்தக் குப்பம், எவர் எந்தச் சங்கம், ஏலக் கணக்கை எழுதுகிறவர் எவர் என்று தெரிந்து வைத்துக்கொண்டார்களானால், ஜூன் 14 நள்ளிரவு தாண்டிப் படகுகள் வரிசையாகப் புறப்படுகையில், புதிதாகச் சேர்ந்த மாணவர்களை எந்தப் படகுக்காரரிடம் அனுப்புவது என்பதற்கு வேறு குறிப்பேடு தேவைப்படாது.