அரக்குத் தட்டில் இருந்த தமிழ்

இவ்வுரையை ஒரு பெட்டியிலிருந்து தொடங்குகிறேன். மந்தினை அடுத்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில் லயன் வீடுகள் இடிக்கப்படுவதற்குச் சில கிழமைகளுக்கு முன்பு, அங்கு மூன்று தலைமுறையாகக் குடியிருந்த ஒரு குடும்பத்தார் பலகைப் பெட்டி ஒன்றை என்னிடம் ஒப்படைத்தனர். உள்ளே முப்பத்தேழு இசைத்தட்டுகள் இருந்தன. இருபத்தெட்டு அரக்குத் தட்டுகள். எஞ்சிய ஒன்பதும் வினைலால் ஆன எல்.பி. தட்டுகள். சிலவற்றில் பூஞ்சணம் படர்ந்திருந்தது. இரண்டு உடைந்திருந்தன. வீட்டுக் கணினியில் மாற்றிவிட்டால் பள்ளி விடுமுறைக்குள் வேலை முடிந்துவிடும் என்று எண்ணினேன். இரண்டு ஆண்டுகள் ஆயின.

ஏன் அவ்வளவு காலம் ஆயிற்று என்பதே இவ்வுரையின் பொருள். தட்டிலிருந்து கணினிக்கு ஒலியை மாற்றுவது படியெடுக்கும் வேலை அன்று, அது பதிப்புப் பணி என்பதை நான் பிழை செய்து கற்றேன். ஏட்டுச்சுவடியைப் பதிப்பிப்பவருக்கு என்னென்ன பொறுப்புகள் உண்டோ அத்தனையும் இங்கும் உண்டு.

தட்டின் வரலாற்றைச் சிறிது சொல்ல வேண்டும். கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் ஃபிரெட் கைஸ்பர்க் 1902இல் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் பாட்டைப் பதிவு செய்தார். 1903இல் சிங்கப்பூரிலும் பதிவுகள் நடந்தன. பதிவு இங்கே, அச்சு ஜெர்மனியின் ஹனோவரில். அச்சிடும் இடத்தில் பாடியவர் யார் என்று அறிய வேண்டுமல்லவா? அதனால் அக்காலத் தட்டுகளில் பாட்டு முடிந்ததும் பாடகரே தம் பெயரை உரக்கச் சொல்வார். இசை ஆர்வலர்களுக்கு அது வேடிக்கை. மொழியியலாளனுக்கோ, பாட்டின் இறுதியில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த ஒரு நொடிப் பேச்சு பெரும் புதையல். 1908இல் கல்கத்தாவின் சியால்டாவில் ஆலை அமைந்த பின் இந்தத் தேவை குறைந்தது.

1925ஐ ஒட்டி ஒலிவாங்கி வந்தது. அதற்கு முன்பு பாடகர் ஒரு தகரக் குழலுக்குள் கத்திப் பாட வேண்டியிருந்தது, மெல்லொலிகள் பதிவாகவில்லை. ஒலிவாங்கி வந்த பிறகே தமிழின் நுண்ணிய ஒலிகள் தட்டில் ஏறின. 1930களின் தொடக்கத்தில் சென்னையில் ஏ.வி. மெய்யப்பனும் கூட்டாளிகளும் நடத்திய சரஸ்வதி ஸ்டோர்ஸ் ஒடியன் முத்திரைத் தட்டுகளை விற்றது. நாடக மேடைத் தமிழ் அப்படித்தான் வீடுகளுக்குள் நுழைந்தது. எஸ்.ஜி. கிட்டப்பா 1933இல், முப்பது வயது நிறையும் முன்பே மறைந்தார். திரைப்படம் எதிலும் அவர் தோன்றவில்லை. அவர் குரலுக்கு இன்று நமக்குள்ள சான்று அரக்குத் தட்டு ஒன்றே.

அரக்கு என்று சொல்லிவிட்டு அப்பால் நகர மனம் வரவில்லை. பாரதக் கதையின் அரக்கு மாளிகை நமக்குத் தெரியும். அதே பூச்சிப் பிசின்தான் கல்தூளோடு கலந்து தட்டாயிற்று. உலகத் தட்டுத் தொழிலுக்கு வேண்டிய அரக்கில் பெரும்பகுதி இந்தியக் காடுகளிலிருந்தே சென்றது. தோட்டத்து மக்கள் அதைப் ‘பிளேட்டு’ என்றார்கள். புலவர்கள் ‘இசைத்தட்டு’ என்றார்கள். குறுவட்டு வந்தபோது தமிழ்நாட்டார் ‘குறுந்தகடு’ என்றும் ஈழத்தார் ‘இறுவட்டு’ என்றும் பிரிந்தனர். ‘பிளேட்டு போடு’ என்ற தோட்டத்துச் சொல்லுக்கு மட்டும் எந்தக் குழுவும் கூட வேண்டியிருக்கவில்லை.

மலாயாத் தோட்டங்களுக்குத் தட்டு எளிதாக வந்து சேர்ந்ததற்குக் காரணம் உண்டு. சாவி கொடுத்துச் சுழற்றும் கிராமபோனுக்கு மின்சாரம் தேவையில்லை. லயன்களில் விளக்கு எரியாத காலத்திலேயே அங்கே பாட்டு ஒலித்தது. ரஜூலா போன்ற கப்பல்களில் ஊருக்குப் போய்த் திரும்பியவர்கள் கொண்டுவந்தவை சில. என் பெட்டியில் இருந்த நான்கு தட்டுகளின் உறைகளில் சிரம்பான் கடையொன்றின் ஒட்டுச்சீட்டு இருக்கிறது. கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கி கட்டிய பிறகு, ஒரு வீட்டுத் தட்டு ஒரு தோட்டத்துத் தட்டாயிற்று.

எல்.பி. தட்டுகள் வந்ததும் வசனம் வந்தது. ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ (1959), ‘திருவிளையாடல்’ (1965) ஆகிய படங்களின் உரையாடல்களைத் தட்டில் கேட்டு மனப்பாடம் செய்தவர்கள் நம் தோட்டங்களில் ஏராளம். எழுத்தறியாத பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர், பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும் வரை காத்திருக்கும் நேரத்தில், சிவாஜியின் வசனத்தை ஏற்ற இறக்கம் பிசகாமல் சொல்வதை இளமையில் கேட்டிருக்கிறேன். செந்தமிழின் ஒலிப்பை அவருக்குக் கற்பித்தது பள்ளிக்கூடம் அன்று. எழுதப்பட்ட வரலாறுகளில் இந்த ஆசிரியருக்கு இடம் தரப்படவில்லை என்பது என் குறை.

இனி வேலைக்கு வருகிறேன். எல்.பி. தட்டின் பள்ளத்துக்கு ஏறத்தாழ 25 மைக்ரான் ஊசி முனை போதும். அரக்குத் தட்டின் பள்ளம் அகலம், அதற்கு 75 மைக்ரான் அளவு வேண்டும். முதல் தட்டை நான் சிறிய ஊசியால் ஓட்டினேன். ஊசி பள்ளத்தின் அடியில் கிடந்து அழுக்கையும் இரைச்சலையும் படித்தது. அரக்குத் தட்டைச் சாராயக் கலவையால் துடைக்கவும் கூடாது, அரக்கு கரைந்துவிடும். காய்ச்சி வடித்த நீரும் மென்மையான தூரிகையுமே போதும்.

அடுத்தது வேகம். ‘78’ என்பது பெயரளவில்தான் 78. தொடக்ககாலத் தட்டுகள் 70 முதல் 80க்கு மேல் வரை பல வேகங்களில் பதிவாயின. வேகம் ஆறு விழுக்காடு கூடினால் சுருதி ஏறக்குறைய அரைக்கட்டை ஏறிவிடும். அதோடு உயிரொலிகளின் ஒத்ததிர்வும் இடம் மாறும். அகரத்தையும் எகரத்தையும் அளந்து ஆராய்பவர் தவறான முடிவுக்கு வருவார். உடன் ஒலிக்கும் ஆர்மோனியத்தின் சுருதியை ஒப்பிட்டே வேகத்தை ஓரளவு உறுதி செய்தேன்.

இவை எல்லாவற்றினும் கொடியது இரைச்சல் நீக்கம். ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் ஒரு பொத்தானை அழுத்தினால் ‘ஸ்ஸ்’ என்ற உராய்வொலி மறைகிறது. ஒரு நாடகத் தட்டை அவ்வாறு துப்புரவாக்கி நண்பர்களுக்குப் போட்டுக் காட்டினேன். புதுத் தட்டுப்போல் இருக்கிறது என்று மகிழ்ந்தார்கள். மறுநாள் ஒலிநிறமாலைப் படத்தில் பார்த்தபோதுதான் தெரிந்தது: இரைச்சலோடு சகரத்தின் உரசலும் போயிருந்தது. கீறல் நீக்கும் கருவி, டகரமும் ககரமும் வெடிக்கும் நொடியைக் கீறல் என்று கருதிச் சில இடங்களில் மழுக்கியிருந்தது. மேடைத் தமிழின் தனிச்சிறப்பான றகர அதிர்வும் தேய்ந்திருந்தது. செவிக்கு இனிமை; ஆய்வுக்குப் பயனில்லை.

உ.வே. சாமிநாதையர் 1892இல் சிலப்பதிகாரத்தை அச்சேற்றியபோது பாட பேதங்களை அடிக்குறிப்பில் காட்டினார். தாம் கொண்ட பாடமே சரி என்று மற்றவற்றை எரித்துவிடவில்லை. நாம் செய்ய வேண்டியதும் அதுதான். எந்த மாற்றமும் செய்யாத கோப்பு ஒன்று சுவடியாக இருக்கட்டும். 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் வடிவம். மூன்று நிமிடப் பக்கம் ஒன்றுக்கு ஏறத்தாழ நூறு மெகாபைட் ஆகும்; இன்றைய நினைவகத்தில் அது பொருட்டே அன்று. கேட்பதற்குச் செப்பம் செய்த கோப்பு தனியே இருக்கட்டும். நடுச்சீட்டில் உள்ள எழுத்துகளையும், அரக்கில் பொறித்த அச்சு எண்ணையும் எழுத்துப் பிழையோடு அப்படியே குறிக்க வேண்டும். மும்பையில் 1990இல் தொடங்கிய இந்திய இசைத்தட்டுச் சேகரிப்போர் சங்கத்தார் ஒடியன் தட்டுகள் பலவற்றைப் பிரிட்டிஷ் நூலகத் திட்டம் ஒன்றின் வழியே மின்வடிவாக்கியிருக்கிறார்கள். அத்தகைய பெரும்பணிக்கு முன் நம் பெட்டி சிறிது. ஆயினும் எந்தத் தட்டு எந்தத் தோட்டத்தில் ஒலித்தது என்ற செய்தியை நாம்தான் தர முடியும்.

ஒரு தோல்வியையும் சொல்லியாக வேண்டும். கிரியர்சனின் இந்திய மொழியளவைக்காக 1913 முதல் 1929 வரை தொண்ணூறுக்கு மேற்பட்ட மொழிகளும் வட்டார வழக்குகளும் தட்டில் பதிவாயின. அது இந்தியாவுக்குள் நின்ற பணி. கடல் கடந்த தோட்டத் தமிழ் அதில் இல்லை. வணிகத் தட்டுகளோ மேடையின் தமிழையே பதிந்தன. நம் பாட்டன்மார் பேசிய தமிழை எவரும் அரக்கில் ஏற்றவில்லை.

பெட்டிக்கு உரிய வீட்டின் மூத்த அம்மையார் ஒருநாள் என் வீட்டுக்கு வந்தார். அவருக்கு அப்போது வயது எண்பத்தாறு. தட்டைச் சுழலவிட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கூடவே பாடினார். பேசும்போது ‘மளை’, ‘பளம்’ என்று சொல்பவர், பாடும்போது ழகரத்தைத் தட்டில் உள்ளபடியே ஒலித்தார். இரண்டாம் அடியில் தட்டில் இல்லாத சொற்களைப் பாடினார். தோட்டத்துப் பெண்கள் வெட்டுக்குப் போகும்போது மாற்றிப் பாடியது என்றார். பிறகு அரைமணி நேரம், அந்தத் தட்டை வாங்கிய நாளில் நடந்ததை எல்லாம் பேசினார். கணினி தட்டை மட்டும் பதிந்துகொண்டிருந்தது. ஒலிவாங்கியை நான் இணைக்கவே இல்லை. மறுமுறை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். அடுத்த தைப்பூசத்துக்குள் அவர் மறைந்தார். என் கோப்பில் பாடகி மட்டும் பாடுகிறார்.

இப்போது யார் தட்டோடு வந்தாலும், ஊசியை வைப்பதற்கு முன் அவர்களிடம் ஒப்புதல் கேட்டு மேசைமேல் ஒலிவாங்கியை இயக்கிவிடுகிறேன். சென்ற மாதம் ஒரு முன்னாள் கிராணியின் மகன் இரண்டு தட்டுகள் கொண்டுவந்தார். தட்டுகள் இரண்டும் சேர்ந்து பன்னிரண்டு நிமிடம். அவர் பேசியது ஒரு மணி பத்து நிமிடம்.