தொப்பையாறு

தொப்பையாறு சேர்வராயன் மலையில் தோன்றித் தொப்பூர் வழியாக ஓடும் பருவகால ஆறு. மழைக்காலத்தில் பெருகும், கோடையில் மணலும் பாறையுமாகக் கிடக்கும். வறண்ட ஆறுதானே என்று ஒதுக்கிவிட முடியாது. பாராமகாலையும் சேலத்தையும் இணைத்த தொப்பூர்க் கணவாய் இந்த ஆற்றை ஒட்டியே அமைந்துள்ளது. மூன்றாம் மைசூர்ப் போரில், 1790 நவம்பரில், ஆங்கிலேயத் தளபதி மெடோசின் படை நெருங்கியபோது திப்பு சுல்தான் இக்கணவாய் வழியாகத்தான் தெற்கே இறங்கினார். 1792 உடன்படிக்கைக்குப் பின் பாராமகால் கும்பினியார் வசமானது. இன்றைய பெங்களூர்–சேலம் நெடுஞ்சாலையும் இதே கணவாயில்தான் இறங்குகிறது.

முன்பு நேரே காவிரியில் கலந்த ஆறு, 1934இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டபின் அதன் நீர்த்தேக்கத்தில் கலக்கிறது. பிற்காலத்தில் தொப்பூர் அருகே இவ்வாற்றின் குறுக்கேயும் அணை எழுந்தது. சேர்வராயன் மலையில் நல்ல மழை பெய்து அணை நிரம்பினால்தான் தருமபுரி, சேலம் மாவட்டங்களின் ஆயக்கட்டு வயல்களுக்குத் தண்ணீர்.