மணிக்கட்டு நாடியைக் காத்த மருந்து

நம் நாட்டு வைத்தியர்கள் மூன்று விரல்களை வைத்து நாடி பார்க்கும் மணிக்கட்டின் இடம் யாவரும் அறிந்ததே. பெருவிரற்பக்கம் ஓடும் அந்த ஆரைத் தமனியே இன்று இருதயத்தை எட்டும் வழியாகவும் விளங்குகிறது. அவ்வழி பிறந்த கதையைப் போலவே, அது தூர்ந்து போகாமற் காக்கப்பட்ட கதையும் அறியத்தக்கது.

1929-இல் ஜெர்மானிய மருத்துவர் வெர்னர் ஃபோர்ஸ்மான் தம் கைச் சிரை வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி இருதயத்தை எட்டினார். 1956-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். பின்வந்தோர் இருதயத் தமனிகளை ஆராயப் பெரும்பாலும் தொடைத் தமனியையே நாடினர். ஆங்கு இரத்தப்பெருக்கு நேர்ந்தால் அடக்குதல் எளிதன்று; நோயாளி மணிக்கணக்கில் அசையாது கிடக்கவும் வேண்டும். 1989-இல் கனடாவின் மான்ட்ரியல் நகரைச் சேர்ந்த லூசியன் காம்போ, 100 நோயாளிகளிடம் மணிக்கட்டு வழியைச் சோதித்த முடிவை வெளியிட்டார். 1992-இல் ஆம்ஸ்டர்டாமில் ஃபெர்டினாண்ட் கீமெனெய் அவ்வழியே அடைப்பையும் நீக்கினார்.

எனினும் ஓர் இடையூறு எஞ்சியது. சிறிய தமனியுள் குழாய் நுழைகையில் உட்சுவர் சிராய்ப்புறும். அங்கே குருதி உறைந்து வழி அடைபடலாம். கைக்கு மற்றொரு தமனியும் குருதி ஊட்டுவதால் நோயாளி அதனைப் பெரும்பாலும் உணர்வதில்லை. ஆயின், மறுமுறைச் சிகிச்சைக்கோ, பைபாஸ் அறுவையில் ஒட்டுக்குழாயாகவோ, டயாலிசிஸுக்கு வழியமைக்கவோ அத்தமனி பயன்படாது போகும்.

இங்கே கைகொடுத்தது ஹெபாரின். 1916-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக மாணவர் ஜே மெக்லீன், குருதியை உறைவிக்கும் பொருளைத் தேடப் போய், உறையாமற் செய்யும் பொருளைக் கண்டார். அவ்வாராய்ச்சியின் வழிவந்த மருந்திது. கல்லீரலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லே பெயராயிற்று. 1996-இல் வெளிவந்த பிரெஞ்சு ஆய்வொன்றில், ஹெபாரின் பெறாதோருள் நூற்றுக்கு 71 பேருக்குத் தமனி அடைபட்டது. 5,000 அலகு பெற்றோருள் நூற்றுக்கு 4 பேருக்கே அடைபட்டது. பிற்காலத்தில், சிகிச்சைக்குப்பின் மணிக்கட்டில் இடும் பட்டையைக் குருதியோட்டம் நின்றுவிடாத அளவுக்கே இறுக்குதல் நலமென்பதும் தெளிவாயிற்று. அண்மையில் ரிவராக்சபான் மாத்திரையைச் சில நாட்கள் கொடுத்துக் காக்கும் முறையும் ஆராயப்பட்டு வருகிறது.

குருதி உறையாமற் காக்கும் மருந்து அளவு மீறின் குருதிப்பெருக்கை விளைவிக்கும். ஆதலின் அதனைத் தாமே தொடங்குதலும் நிறுத்துதலும் தகா. வேற்று மாநிலத்தில் வாழும் நம்மவர், மருத்துவமனையினின்று திரும்புமுன், புரியாத மொழியில் எழுதித் தந்த குறிப்பைத் தயங்காது கேட்டுத் தெளிதல் வேண்டும். மணிக்கட்டில் நாடி துடிக்கிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுதல் வேண்டும். அச்சிறு துடிப்பு, மீண்டும் ஒருநாள் உயிர்காக்கும் வழியாகலாம்.