ஹெர்குலிஸ்: ஒரு பெயரும் இரண்டு சாலைகளும்

அம்பத்தூரில் ஹெர்குலிஸ் மிதிவண்டி உருவாகத் தொடங்கிய 1951ஆம் ஆண்டிலேயே, இங்கிலாந்தில் அந்தப் பெயருக்காகச் சம்பளம் பெற்று வண்டி ஓட்டும் வேலையில் ஒரு பெண் சேர்ந்தார். அவர் ஐலீன் ஷெரிடன். கவன்ட்ரி நகரத்தவர், உயரம் ஐந்தடிக்கும் குறைவு, ஒரு குழந்தையின் தாய். அம்பத்தூர் வண்டியும் ஷெரிடனின் வண்டியும் ஒரே பெயரைத் தாங்கின, ஒரே தொழிற்குழுமத்திலிருந்து வந்தன. அம்பத்தூர் வண்டி பால்கேனும் நெல்மூட்டையும் சுமந்து ஊர் ஊராகப் போனது. மற்றது சாதனை நேரங்களைத் துரத்தியது. பெயர் கடல் கடந்து வந்தும் பந்தய வீரரின் தொழில்வாழ்க்கை அதனோடு வராமல் போனதற்குக் குழாய், சந்தை, சம்பளம் ஆகிய மூன்றிலும் காரணம் இருக்கிறது.

ஹெர்குலிஸ் நிறுவனம் 1910இல் பர்மிங்காமில் தொடங்கியது. மலிவான விலையில் பெருமளவில் வண்டி செய்வதே அதன் வழி. 1946இல் அதை டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் என்ற குழுமம் வாங்கியது. டி.ஐ. என்ற ஈரெழுத்து இந்தக் குழுமப் பெயரின் சுருக்கம். பேருந்து நிறுத்தத்தின் பெயராகவே அந்த எழுத்துகள் அம்பத்தூரில் நிலைத்துவிட்டன. 1949இல் முருகப்பா குழுமம் இந்த ஆங்கில நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸ் ஆஃப் இந்தியாவை நிறுவியது. அம்பத்தூர் தொழிற்பேட்டை உருவாவதற்கு ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் முன்பே, சென்னை–திருவள்ளூர் நெடுஞ்சாலையை ஒட்டிய ஏரி, வயல் சூழ்ந்த ஊரில் இந்த ஆலை எழுந்தது. 1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடி சோசலிச பாணிச் சமுதாயம் பற்றிய தீர்மானத்தை நிறைவேற்றியது. அதே ஆண்டில் அதே ஆவடியில் வண்டிச் சட்டத்துக்கான குழாய் செய்யும் டியூப் புராடக்ட்ஸ் ஆலையும் அமைந்தது. டைனமோவும் விளக்கும் செய்ய டி.ஐ. மில்லர், சங்கிலி செய்ய டி.ஐ. டயமண்ட் செயின் ஆகியவை அடுத்தடுத்து வந்தன. 1959இல் டன்லப் டயர் ஆலையும் அம்பத்தூருக்கு வந்தது. வண்டிக்கு வேண்டிய உறுப்புகளில் பெரும்பகுதி சில கிலோமீட்டர் சுற்றளவுக்குள் கிடைத்தது.

இங்கிலாந்தில் அப்போது பந்தய வீரர்களுக்குச் சம்பளம் தந்தவை வண்டி செய்யும் நிறுவனங்களே. ஒரு சாதனை முறிந்தால் மறுநாள் நாளிதழில் வண்டியின் பெயரும் சேர்ந்து அச்சேறும். ஷெரிடனின் ஒப்பந்தம் இந்த வகையைச் சேர்ந்தது. பெண்களுக்கான சாலைச் சாதனைச் சங்கத்தின் பட்டியலில் இருந்த 21 சாதனைகளையும் அவர் தம் பெயருக்கு மாற்றிக்கொண்டார். இவற்றுள் கடினமானது பிரிட்டனின் தென்மேற்கு முனையான லேண்ட்ஸ் எண்டிலிருந்து வடகிழக்கு முனையான ஜான் ஓ'கிரோட்ஸ் வரையிலான 870 மைல். 1939இல் மார்கரீட் வில்சன் என்ற மற்றொரு ஹெர்குலிஸ் வீராங்கனை நிறுவிய நேரத்தை, 1954இல் ஷெரிடன் ஏறத்தாழ பன்னிரண்டு மணி நேரம் குறைத்தார்: 2 நாள், 11 மணி, 7 நிமிடம். கைப்பிடியைப் பற்றிப் பற்றி உள்ளங்கை கொப்புளித்துப்போன நிலையில், சிறிது ஓய்வுக்குப் பின் மீண்டும் ஏறி ஆயிரம் மைலை 3 நாள் 1 மணியில் முடித்தார். தூக்கமின்மையால் இல்லாத உருவங்கள் கண்ணில் தெரிந்தன என்று பின்னாளில் அவரே நினைவுகூர்ந்தார். அந்த ஆயிரம் மைல் சாதனை 2002 வரை நின்றது. 2023 பிப்ரவரியில் தம் 99ஆம் வயதில் அவர் காலமானார். விளையாட்டு வரலாற்றில் அவருக்கு உரிய இடம் இன்னும் முழுமையாகத் தரப்படவில்லை என்றே சொல்ல வேண்டும்.

ஆவடி ஆலை தொடங்கிய 1955ஆம் ஆண்டு, ஹெர்குலிஸ் தன் வீரர்களை டூர் டி பிரான்ஸ் பந்தயத்துக்குத் தயார்செய்தது. பிரிட்டன் அனுப்பிய பத்துப் பேர் அணியில் ஹெர்குலிஸ் வீரர்களோடு பி.எஸ்.ஏ. என்ற மற்றொரு மிதிவண்டி நிறுவனத்தின் வீரர்களும் இருந்தனர். பத்தில் இருவரே பாரிசை எட்டினர்: பிரையன் ராபின்சன் 29ஆம் இடம், டோனி ஹோர் 69ஆவதாகக் கடைசி இடம். டூரை முடித்த முதல் பிரிட்டன் வீரர்கள் இவர்களே. அந்த ஆண்டோடு ஹெர்குலிஸ் அணி கலைந்தது. பிரிட்டனில் மக்கள் மோட்டாருக்கு மாறத் தொடங்கியிருந்தனர். வண்டி விற்பனை சரியச் சரிய, வீரர்களுக்கான சம்பளம் முதலில் நின்றது. ராபின்சன் ஐரோப்பிய அணிகளுக்குப் போய் 1958இல் டூரின் ஒரு கட்டத்தை வென்றார். அங்கே மதுபானமும் முகப்பூச்சும் விற்பவர்கள் அணிகளுக்குப் பணம் தரத் தொடங்கியிருந்தனர்.

பி.எஸ்.ஏ.வின் மிதிவண்டிப் பிரிவை 1957இல் ராலி நிறுவனம் வாங்கியது; அந்த ராலியை 1960இல் டி.ஐ. குழுமம் தன்னோடு சேர்த்தது. 1970களில் டி.ஐ.–ராலி என்ற அணி எழுந்தது. அதன் சட்டையிலிருந்த டி.ஐ. எழுத்துகளும் அம்பத்தூர் ஆலையின் டி.ஐ. எழுத்துகளும் ஒரே மூலத்தவை. நெதர்லாந்து வீரர் யோப் சூட்டமெல்க் 1980இல் இந்த அணிக்காக டூரை வென்றார். 1974இல் விபத்தில் மண்டையோட்டில் முறிவு ஏற்பட்டு, மூளையுறை அழற்சியில் உயிருக்குப் போராடி மீண்டவர் அவர். டூரில் ஆறு முறை இரண்டாம் இடம் பெற்ற அவருக்கு முதலிடம் வாய்த்தது அந்த ஒருமுறைதான். 38ஆம் வயதில், 1985இல், உலகச் சாம்பியனானார்.

இரண்டு சாலைகளும் எங்கே பிரிந்தன என்பதை வண்டியின் குழாயிலேயே காணலாம். பந்தய வண்டிகளுக்குப் பெயர்பெற்ற ரெனால்ட்ஸ் 531 குழாயும் டி.ஐ. குழுமத்தின் சரக்கே. மாங்கனீஸ், மாலிப்டினம் கலந்த எஃகில், இணைப்பு வரும் முனைகளில் தடித்தும் நடுவில் மெலிந்தும் அது இழுக்கப்பட்டது. வலு குறையாமல் எடை குறைந்தது. ஆவடியில் தகட்டை உருட்டி மின்தடை முறையில் பற்றவைத்துக் குழாய் செய்தார்கள். அது மலிவு, முரடு, பழுதுபார்க்க எளிது. பட்டிக்காட்டுச் சைக்கிள் கடையில் வளைந்த ஃபோர்க்கைத் தட்டி நிமிர்த்திவிடலாம். 28 அங்குலச் சக்கரம், கம்பி பிரேக், முழுச் செயின் கவர், கேரியர், ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்து இருபது கிலோவை ஒட்டிய எடை. பந்தய வண்டியோ அதில் ஏறத்தாழ பாதி. டபுள்ஸ் வைத்து மண்சாலையில் ஏற்றம் ஏறும் வண்டிக்கு அந்த எடை குறையல்ல, தகுதி. சிறுவர்கள் பாரின் அடியில் காலை விட்டுக் குரங்குப் பெடல் பழகியதும் அந்த உயரமான சட்டத்தில்தான்.

சந்தையும் வேறாக இருந்தது. உற்பத்தித் திறனுக்கு அரசு உரிமம் வேண்டும். இறக்குமதிக்குக் கடும் தடை. புது வண்டி குடும்பத்தின் சொத்தாக மதிக்கப்பட்ட காலம் அது. பெயரை விளம்பரப்படுத்த வீரர்களுக்குச் சம்பளம் தரும் கட்டாயம் இந்திய ஆலைகளுக்கு நேரவில்லை. இங்கே வண்டிக்குப் புகழ் சேர்த்தவர்கள் தபால்காரர், பால்காரர், ஆலைத் தொழிலாளி. பின்னர் 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தில் வண்டி பழகிய பெண்கள் அந்த வரிசையில் சேர்ந்தார்கள். 2001–02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கெனத் தொடங்கிப் பின்னர் விரிந்த அரசின் விலையில்லா மிதிவண்டித் திட்டம், பள்ளிப் பிள்ளைகளையும் சேர்த்தது.

பந்தயம் இந்தியாவில் இல்லாமலில்லை. 1948 லண்டன் ஒலிம்பிக்குக்கு இந்தியா மிதிவண்டி வீரர்களை அனுப்பியது. ஆனால் அது சம்பளம் வாங்காதவர்களுக்கான மேடை. அதன்பின் வீரர்களுக்குப் பிழைப்பு தந்தது விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைத்த ரயில்வே, ராணுவ வேலை. வண்டி ஓட்டுவதே வேலை என்பதைவிட, வண்டி ஓட்டியதால் ஒரு வேலை என்பதே இங்கு உருவான வடிவம். நிலையான வருமானம் தந்த அந்த ஏற்பாட்டைக் குறைவாக மதிப்பிடுவது நியாயமாகாது. அது இல்லாவிட்டால் இந்தியாவில் இந்த விளையாட்டே தங்கியிருக்காது.

முருகப்பா குழுமம் 2011இல் மாண்ட்ரா என்ற பெயரில் கார்பன் சட்ட வண்டிகளையும் சந்தைக்குக் கொண்டுவந்தது. சட்டத்தின் எடை என்ற பழைய தடை, விலை கொடுக்க முடிந்தவர்களுக்கு நீங்கியது. பூந்தமல்லியை அடுத்த நசரத்பேட்டை, நெமிலிச்சேரி வழியாகச் செல்லும் வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை, தடையின்றி நீண்ட தூரம் ஓட்ட விரும்புவோருக்கு வாய்ப்பானது. 2016இல் தோகாவில் நடந்த உலகச் சாலைச் சாம்பியன் போட்டியில் நவீன் ஜான், அரவிந்த் பன்வார் ஆகிய இந்தியர் கலந்துகொண்டனர். பொறியியல் படித்த நவீன் ஜான், பெல்ஜியத்தின் ஊர்ப்பந்தயங்களில் ஓட்டிப் பழகியவர். பின்னர் ஆஸ்திரேலிய அணி ஒன்றுக்காகவும் ஓட்டினார்.